எந்த ஊசி, யாருக்கு? எடைக்குறைப்பு மருந்துகளும் பெண்களும்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து, "ஏத்தா, இப்பிடி மெலிஞ்சு போயிட்ட?" என்று கேட்டால் அதில் கவலை இருக்கும். புகுந்த வீட்டில் சோறு ஒழுங்காகப் போடுகிறார்களா, உடம்புக்கு ஏதும் நோவா, புருஷன் குடிக்கிறானா என்று அந்த ஒரு கேள்விக்குள் பல கேள்விகள் இருக்கும். பிள்ளை பெற்று உடம்பு போட்டவளிடம், "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்க" என்பார்கள் பெரியவர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் மெலிவு என்பது நெடுங்காலம் பசியின் இன்னொரு பெயராக இருந்தது. இன்று அதே பள்ளத்தாக்கில், உடம்பைக் குறைக்கும் ஊசி எங்கே கிடைக்கும், எது நல்லது என்று பெண்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறோம்.

எந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியோடுதான் நானும் இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். கேள்வி எனக்கும் இருந்தது, என் அக்கா மகளுக்கும் இருந்தது. எத்தனை கிலோ குறையும் என்று கணக்குப் பார்ப்பதைவிட முக்கியமான வேறு கேள்விகள் இருக்கின்றன என்பதை அந்த வரலாறு காட்டியது. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெண்ணுடம்புக்கு எவ்வளவு போதும் என்பதை அவளைக் கேட்காமல் முடிவு செய்யும் வழக்கம் பழையது. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை எங்கள் பாட்டிமார்கள் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்போது நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு என்ன கூலி என்பதை 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் வரையறுத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. இந்த அளவு உயிரைத் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்துச் சண்டை போட்டார். பஞ்சத்துக்குப் பிறகு, 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டுத் தண்ணீர் கிழக்கே திரும்பியது. பள்ளத்தாக்கில் நெல் பெருகியது. 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் வருகிறது. கம்பும் சோளமும் களியும் இருந்த தட்டில் மூன்று வேளையும் அரிசி வந்து சேர, நாலைந்து தலைமுறை ஆனது.

இப்போதைய கணக்கைப் பார்ப்போம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல்பருமனோ கொண்டவர்கள். முந்தைய ஆய்வில் இது 30.9. அதே ஆய்வில் 12.6 விழுக்காட்டுப் பெண்கள் எடை குறைந்தவர்கள்; பாதிக்கு மேல், 53.4 விழுக்காட்டினர், ரத்தசோகை உள்ளவர்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு மேலே இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். ஒரே ஜீப்பில் எலும்பும் தோலுமாக ஒருத்தி, முழங்கால் வீங்கி ஏற முடியாமல் ஒருத்தி. இருவருக்கும் சோகை இருக்கலாம், இருவரும் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம். பருமன் என்றால் தின்று கொழுப்பது என்று பேசுகிறவர்கள் அந்த ஜீப்பில் ஏறியதில்லை.

இனி மருந்துகளுக்கு வருவோம். எடை குறைக்கும் மருந்து இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல. 1890களிலேயே தைராய்டுச் சாற்றை இதற்குக் கொடுத்தார்கள். எடை குறைந்தது, நெஞ்சு படபடத்தது. 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருள் எடையைக் குறைப்பதாகக் கண்டார்கள். முதல் உலகப்போரின்போது பிரான்சில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட பொருள் அது. உடம்பை உள்ளிருந்து சூடேற்றிக் கொழுப்பை எரிக்கும். அதைச் சாப்பிட்டவர்களில் இளம் பெண்கள் பலருக்குக் கண்புரை விழுந்தது. சிலர் உடல் கொதித்து இறந்தார்கள். 1938இல் புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகே அது விற்பனையிலிருந்து போனது.

அடுத்து ஆம்ஃபெட்டமின். பசியை அடக்கும், தூக்கத்தை விரட்டும், பழக்கத்துக்கு அடிமையாக்கும். 1950, 60களில் அமெரிக்கக் குடும்பத் தலைவிகளுக்கு மருத்துவர்கள் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். ஆம்ஃபெட்டமினோடு தைராய்டு, சிறுநீர் பிரிக்கும் மருந்து, பேதி மருந்து, இதய மருந்து எல்லாவற்றையும் கலர் கலராகக் கலந்து 'வானவில் மாத்திரை' என்று கொடுத்தார்கள். அதனால் நேர்ந்த மரணங்களைப் பற்றி 1968இல் அமெரிக்க செனட் விசாரித்தது. அதே காலத்தில் ஐரோப்பாவில் அமினோரெக்ஸ் என்ற பசியடக்கி நுரையீரல் ரத்தக்குழாய்களைப் பாழாக்கியது. 1965இல் வந்தது, 1968இல் போனது.

1990களில் ஃபென்ஃப்ளுரமினும் ஃபென்டர்மினும் சேர்ந்த கலவை 'ஃபென்-ஃபென்' என்ற செல்லப்பெயரோடு பரவியது. 1997 ஆகஸ்டில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தக் கலவையை எடுத்துக்கொண்ட 24 பேருக்கு இதய வால்வு கெட்டிருந்தது. அந்த 24 பேரும் பெண்கள். அடுத்த மாதமே ஃபென்ஃப்ளுரமின் அங்கே திரும்பப் பெறப்பட்டது. ஃபீனைல்புரொப்பனோலமின் என்ற பசியடக்கி இளம் பெண்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஆபத்தைப் பலமடங்கு கூட்டுவதை 2000இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

இந்தியா இந்த வரிசையில் எங்கே நின்றது? ஒவ்வொரு முறையும் ஓர் அடி பின்னால். ஃபென்ஃப்ளுரமினுக்கு இங்கே தடை வந்தது 1998இல். ரிமோனபான்ட் என்ற மாத்திரை மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுகிறது என்று 2008 அக்டோபரில் ஐரோப்பா நிறுத்தியது. இந்தியத் தடை 2009 டிசம்பரில்தான். சிபுட்ரமின் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதால் 2010 ஜனவரியில் ஐரோப்பாவும் அக்டோபரில் அமெரிக்காவும் கைவிட்டன; இங்கே 2011 பிப்ரவரியில் தடை. அந்த இடைப்பட்ட மாதங்களிலும் மருந்துக் கடைகள் திறந்தே இருந்தன. தடைக்குப் பிறகும் சிபுட்ரமின் சாகவில்லை. 'மூலிகை', 'இயற்கை' என்று விற்கப்படும் எடைக்குறைப்புப் பொருள்களில் அது கலந்திருப்பதைப் பல நாடுகளின் சோதனைகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கின்றன. சீட்டில்லாமல் வீட்டுக்கே வரும் பொடியை வாங்குமுன் இதை நினைவில் வைப்பது நல்லது.

பெண்ணுடம்பில் ஊசியைப் பற்றிக் கேள்வி கேட்பதற்கு நமக்கு வேறோர் இடத்திலிருந்தும் பாடம் இருக்கிறது. 1985இல் ஆந்திராவின் படான்செரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெட்-என் என்ற கருத்தடை ஊசியைப் பெண்களுக்குப் போட ஏற்பாடு நடந்தது. இது ஆராய்ச்சி என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா தோழிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். தில்லியின் சஹேலி போன்ற அமைப்புகளும் சேர, 1986இல் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அவர்கள் கேட்டவை எளிய கேள்விகள். என்ன மருந்து என்று அவளிடம் சொன்னீர்களா? ஒத்துவராவிட்டால் உடனே நிறுத்த முடியுமா? பிறகு யார் அவளைப் பார்த்துக்கொள்வார்கள்? நாற்பது ஆண்டு கழித்து, எடைக்குறைப்பு ஊசிக்கும் இதே கேள்விகள் பொருந்துகின்றன.

இப்போதைய ஊசிகள் பழைய மருந்துகளிலிருந்து உண்மையிலேயே மாறுபட்டவை என்பதையும் சொல்லியாக வேண்டும். இவை மூளையை உசுப்பிவிடும் மருந்துகள் அல்ல. சாப்பிட்டதும் நம் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைப் போல வேலை செய்கின்றன. இன்சுலினைத் தூண்டி, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தி, 'போதும்' என்ற உணர்வைத் தருகின்றன. இந்தக் கதையில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். 1980களில் பாஸ்டனில் இந்த ஹார்மோனின் செயல்படும் வடிவத்தை அடையாளம் கண்டவர்களில் ஒருவர் ஸ்வெட்லானா மொய்சோவ். காப்புரிமைகளில் தன் பெயரும் இடம்பெற அவர் போராட வேண்டியிருந்தது. விருதுகள் ஆண் சகாக்களுக்குப் போயின. டென்மார்க்கில் இதை மருந்தாக மாற்றும் பணியை முன்னெடுத்தவர் லோட்டே பியர் க்னுட்சன். 2024இல்தான் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

கண்டுபிடித்த பெண்ணின் பெயர் விடுபட்டதுபோல், சோதனைகளிலும் ஒரு கோணல் இருக்கிறது. செமாக்ளுடைட் எடையைக் குறைக்கிறதா என்று பார்த்த முக்கியச் சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பெண்கள். அதே மருந்து மாரடைப்பைத் தடுக்கிறதா என்று 17,604 பேரிடம் பார்த்த சோதனையில் பெண்கள் கால்வாசிக்குச் சற்று மேல். எடை என்றால் பெண்; இதயம் என்றால் ஆண். நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது?

சரி, இன்று மருத்துவர் சீட்டில் எழுதக்கூடியவை எவை? முதலாவது ஆர்லிஸ்டாட் மாத்திரை. சாப்பாட்டிலுள்ள கொழுப்பில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை உடம்பில் சேரவிடாமல் வெளியே தள்ளும். ஓராண்டில் மருந்தில்லாதவரைவிடச் சராசரியாக மூன்று கிலோ கூடுதலாகக் குறையும்.  ஆனால் எண்ணெய் கலந்த மலம் அடக்க முடியாமல் அவசரமாக வரும். கழிப்பறை இல்லாத ஏலத்தோட்டத்திலோ, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு வெளியே போக வேண்டிய ஜவுளிக் கடையிலோ நிற்கும் பெண்ணுக்கு இதன் 'சிறு பக்கவிளைவு' என்ன அர்த்தம் என்று மருந்துத் தாளில் எழுதியிருக்காது. ஏ, டி, இ, கே வைட்டமின்களும் குறையும்.

இரண்டாவது செமாக்ளுடைட். வாரம் ஒரு ஊசி. 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு 9.6. மூன்றாவது டிர்செபடைட், இதுவும் வாரம் ஒன்று. இரண்டு ஹார்மோன்களைப் போல வேலை செய்கிறது. 72 வாரத்தில் உச்ச அளவில் 20.9 விழுக்காடு, சர்க்கரை உள்ளவர்களுக்கு 14.7. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2025இல் வந்தது. டிர்செபடைடில் 20.2, செமாக்ளுடைடில் 13.7. இரண்டிலும் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் பொது. பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இரண்டுமே கூடாது. குறையும் எடையில் ஒரு பங்கு தசை என்பதால், பருப்பும் முட்டையும் பயறும் தட்டில் கூட வேண்டும். ஏற்கெனவே சோகையுள்ள பெண் வெறும் ரசஞ்சோற்றில் பாதியைக் குறைத்துக்கொண்டால் மெலிவதோடு பலவீனமும் ஆவாள்.

பெண்களுக்கென்று இரண்டு விஷயம் தனியாக உண்டு. டிர்செபடைட், வாய்வழிக் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். ஆகவே தொடங்கியதும் நான்கு வாரமும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு வழி வேண்டும். செமாக்ளுடைடைக் கர்ப்பத்துக்குத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது நிறுத்துவது பற்றிய கேள்வி. செமாக்ளுடைடை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. ரத்த அழுத்த மாத்திரையைப் போல, எடுக்கும்வரைதான் பலன். ஆகவே விலையை ஒரு மாதக் கணக்கில் பார்க்கக் கூடாது. மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது ஒரு வாரக் குப்பி 3,500 ரூபாயில் தொடங்கியது. ஜூனில் வந்த வெகோவி மாதம் 17,345 ரூபாயில் தொடங்கி, நவம்பரில் ஆரம்ப அளவுக்கு 10,850 ஆகக் குறைந்தது. அப்போது அரசு தந்த மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு வயது 47. ஒன்பது ஆண்டாகச் சர்க்கரை, பி.எம்.ஐ. 33, முழங்கால் வலியில் பள்ளிக்கூட மாடி ஏற முடியவில்லை. மருத்துவர் இரண்டு ஊசிகளின் பெயரையும் சொன்னார். எடை அதிகம் குறைவது டிர்செபடைடில் என்று தெரிந்தே நான் செமாக்ளுடைடைத் தேர்ந்தெடுத்தேன். இந்தியாவில் அதன் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிவதாக இருந்தது. உள்நாட்டு நிறுவனங்கள் விலை குறைந்த ஊசியோடு வரிசையில் நின்றன. ஆசிரியைச் சம்பளத்தில் வருடக்கணக்கில் தொடர முடிகிற மருந்துதான் எனக்கு நல்ல மருந்து. நான் சாப்பிட்டுவந்த கிளிமெபிரைட் மாத்திரையின் அளவை மருத்துவர் பாதியாகக் குறைத்தார். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். வீரபாண்டித் திருவிழாவுக்கு விரதம் இருப்பவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் ஊசி போடக் கூடாது.

என் அக்கா மகளின் கதை வேறு. வயது 24. சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை, மாதவிலக்கு ஒழுங்கு. பி.எம்.ஐ. 26. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், "பொண்ணு கொஞ்சம் உடம்பு குறைச்சா நல்லாருக்கும்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். "மூணு மாசம் ஊசி போட்டா குறைஞ்சிரும்ங்கறாங்களே சித்தி, எது நல்லதுன்னு சொல்லுங்க" என்று வந்து நின்றாள். 25க்கு மேல் பருமன் என்பது 2009இல் இந்திய மருத்துவர்கள் வகுத்த அளவு. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருகிறது என்பதால் வகுத்தது. ஆனால் இந்த ஊசிகளின் அனுமதி 30க்கு மேல் உள்ளவர்களுக்கு, அல்லது 27க்கு மேல் இருந்து கூடவே எடை சார்ந்த வேறு நோயும் உள்ளவர்களுக்கு.

அவளோடு உட்கார்ந்து நாள்கணக்குப் போட்டேன். இப்போது தொடங்கினால் தை மாதக் கல்யாணத்தில் மெலிந்திருப்பாள். கல்யாணமான மூன்றாம் மாதம் "விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். அதாவது, தாலி ஏறிய கையோடு. நிறுத்தினால் எடை திரும்பும். அப்போது, "கல்யாணத்தப்ப ஒல்லியா இருந்தாளே, ஏமாத்திட்டாங்க" என்ற பேச்சையும் அவள்தான் கேட்க வேண்டும். யாருடைய கண்ணுக்காக ஊசியோ, அவர்கள் குமட்டலில் பங்கு கேட்கப் போவதில்லை. "அப்ப எனக்கு எதுவும் வேண்டாமா?" என்றாள். நடக்கப் பிடித்தால் நட, பிடித்ததைச் சத்தாகச் சாப்பிடு, வருடம் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள், அந்த வீட்டைப் பற்றி இன்னொரு முறை யோசி என்றேன். அவள் அந்த வரனை வேண்டாம் என்றாள். அக்கா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஆக, ஒரே குடும்பத்தில் ஒருத்திக்கு ஊசி சரி, இன்னொருத்திக்குச் சரியில்லை. இந்த மருந்துகளைப் பிசாசாக்கவும் வேண்டாம், வரமாக்கவும் வேண்டாம். சீட்டை வாங்குமுன் கேட்க வேண்டியவை இவை: எனக்கு நோய் இருக்கிறதா, அல்லது அடுத்தவர் கண் உறுத்துகிறதா? எத்தனை ஆண்டு எடுக்க வேண்டும், அத்தனை ஆண்டு யார் பணம் கட்டுவார்கள்? நிறுத்தினால் என்ன ஆகும்? என் கருத்தடைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இது எப்படி? நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா? வாந்தி நிற்காவிட்டால் இரவில் யாரைக் கூப்பிடுவது?

இன்னொரு கேள்வி அரசிடம் கேட்க வேண்டியது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையை இறக்கிக் காட்டியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். விலை குறைந்த ஊசி முதலில் யாருக்குப் போகும்? கல்யாணத்துக்குத் தயாராகும் பெண்ணுக்கா, சர்க்கரையோடு முழங்கால் வீங்கி ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறும் பெண்ணுக்கா? கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே அவளுக்கு ஊசி கிடைக்க வேண்டும். ஊசியோடு அதன் விவரமும் அவள் மொழியில் கிடைக்க வேண்டும். ஒத்துவராதபோது போய்ச் சொல்ல ஓர் இடமும், அங்கே அவள் பேச்சைக் குறித்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.